பறப்பது அவன் கார்

வியாழன், செப்டம்பர் 12

விடியும் முன்பே கோவையிலிருந்து கிளம்பிவிட்டோம். நானும் மகன் தருணும் காரில். ரேஸ் காரை ஏற்றிக்கொண்டு மெக்கானிக் மயில்சாமி நேற்றே லாரியில் போய்விட்டான். சேலம் தாண்டியதும் இட்லி சாப்பிட்டோம். தருண் இன்னும் ஒரு செட் கேட்டான், வேண்டாம் என்றேன். ஒற்றை இருக்கை காரில் ஓட்டுபவன் எடை ஒரு கிலோ கூடினாலும் நேரம் போகும். பதினாறு வயதுப் பையனுக்குப் பசிக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேண்டியதைச் சாப்பிடட்டும்.

இந்த வருடத்தின் கடைசிச் சுற்று இது. சனிக்கிழமை ஒரு ரேஸ், ஞாயிற்றுக்கிழமை ஒரு ரேஸ். ஜூனியர் பிரிவில் சென்னைப் பையன் ஜோயல் முதலிடத்தில் இருக்கிறான். தருண் அவனை ஒட்டிப் பின்னால். சாம்பியன் ஆகிறவனுக்கு அடுத்த வருடம் மலேசியாவில் ஒரு சீசன் முழுக்க ஓட்ட அழைப்பு வரும். இரண்டாவது வருபவனை யாரும் கூப்பிடப் போவதில்லை. என் ஃபவுண்டரியைத் தம்பி கையில் விட்டுவிட்டு வாரம் தவறாமல் நான் அலைவது இதற்காகத்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாட்ஜில் அறை எடுத்தோம். வெயில் கொளுத்துகிறது. இந்த வெயிலிலும் தருண் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறான். "கழட்டுடா, வேர்த்துக் கொட்டுது" என்றேன்.

"பரவால்லீங்ப்பா" என்றான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஃபேஷன் நமக்குப் புரிவதில்லை.

வெள்ளி, செப்டம்பர் 13

பிராக்டிஸ். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. இரண்டிலும் ஜோயல்தான் வேகம்.

தருண் எங்கே விடுகிறான் என்று எனக்குத் தெரியும். நீளமான நேர்ப்பாதை முடிந்து கார் வலப்பக்கம் திரும்பும் முதல் வளைவில் விடுகிறான். அங்கே ஜோயல் ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பிடித்தபடியே உள்ளே பாய்கிறான். நம் ஆள் அதற்கு முன்பே காலை எடுத்துவிடுகிறான். வேலி ஓரம் நின்று காதால் கேட்டாலே தெரிகிறது. ஜோயலின் இன்ஜின் ஒரே மூச்சாகக் கத்துகிறது. நம் இன்ஜின் நடுவில் ஒரு நொடி விக்குகிறது.

கார்களைச் சரிபார்க்கும் பிட்டுக்குள் வந்து நிறுத்தியதும் நேராகப் போய்க் கேட்டேன். "எதுக்குடா காலை எடுத்த?"

"பின்னாடி சக்கரம் வழுக்குதுங்ப்பா. டயர் இன்னும் சூடாகல."

"அவனுக்கு மட்டும் சூடாகுதா?"

கையிலிருந்த, காற்றழுத்தம் பார்க்கும் டயர் கேஜால் ஹெல்மெட் மேல் தட்டினேன். ஹெல்மெட் இருப்பதே அதற்குத்தானே. பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மயில்சாமி ஓடி வந்து, "அண்ணா, கண்ணாடி கீறிடுமுங்க" என்று கேஜை வாங்கிக்கொண்டான். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் பெயிண்ட்டில் ஒரு சின்ன விரிசல். அவ்வளவுதான்.

மதிய பிராக்டிஸில் நேரம் கொஞ்சம் குறைந்தது. சொன்னால் கேட்கிறான். சொல்கிற விதத்தில் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வீட்டிலிருந்து என் மனைவி கோமதி போன் செய்தாள். முதலில் அவனோடு பேசினாள். பிறகு என்னிடம், "ஏனுங்க, அவனை ஒண்ணும் பண்ணிராதீங்க" என்றாள்.

"நான் என்ன பண்ணப் போறேன்? ரேஸ் ஓட்டப் போறவன் அவன்."

"நாஞ் சொல்றது உங்களுக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டாள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதையாவது கற்பனை செய்கிறார்கள்.

சனி, செப்டம்பர் 14

தகுதிச் சுற்றில் ஜோயல் முதலிடம், தருண் இரண்டாமிடம்.

ரேஸ் கிளம்பியதும் தருண் பிரமாதமாகப் பாய்ந்தான். முதல் வளைவிலேயே முந்திவிட்டான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், தொண்டை கட்டிவிட்டது. பாதி ரேஸ் வரை முன்னால் இருந்தான். பிறகு அதே இடத்தில், அதே வளைவில், ஜோயல் உட்புறமாக நுழைந்தான். தருண் வலப்பக்கத்தில் ஒரு காருக்கு இடம் விட்டிருந்தான். ஏன் விட்டான்? சக்கரமும் சக்கரமும் உரசின. தருணின் கார் சுழன்று மணலில் போய் நின்றது. திரும்ப வந்து ஆறாவதாக முடித்தான். ஜோயல் ஜெயித்தான்.

இனி நாளைய ரேஸில் தருண் ஜெயித்தால் மட்டும் போதாது. ஜோயல் முடிக்கவும் கூடாது. கணக்கு அப்படித்தான் நிற்கிறது.

நான் ஜோயலின் கூடாரத்துக்குப் போனேன். பேசத்தான் போனேன். பையன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உடுப்புக் கழுத்தைப் பிடித்து, அடுக்கியிருந்த டயர்கள் மேல் சாய்த்து, "யாருடா உனக்கு இப்படி ஓட்டச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன். டயர்கள் சரிந்தன. அவனும் கூடவே விழுந்தான்.

அவன் அம்மா ஷீபா குறுக்கே வந்தாள். கணவன் இல்லாதவள், மகனோடு அவள்தான் எல்லா ரேஸுக்கும் வருவாள். "கைய எடுங்க சார்! சின்னப் பையன் மேல கை வைக்கிறீங்க, வெக்கமா இல்ல?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவளைத் தள்ளவில்லை. விலக்கினேன். பின்னால் கருவிப்பெட்டி இருந்ததை அவள் பார்க்கவில்லை. முழங்கையில் ரத்தம் வந்துவிட்டது.

அதற்குள் அவர்களுடைய மெக்கானிக் என் வாயிலேயே குத்தினான். உதடு கிழிந்தது. நானும் விட்டேன், எங்கே பட்டது என்று தெரியவில்லை, என் விரல் முட்டி வீங்கியிருக்கிறது. மயில்சாமி என் இடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். "அண்ணா, பையன் பாக்குறானுங்க, வேண்டாமுங்க, பையன் பாக்குறானுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

தருண் கூடார வாசலில் நின்றிருந்தான். கையில் ஹெல்மெட். அழவில்லை.

நடுவர்கள் கூப்பிட்டு எச்சரித்தார்கள். இன்னொரு முறை நடந்தால் என்னைத் திடலுக்குள் விடமாட்டார்களாம். குத்திய மெக்கானிக்கையும் எச்சரித்தார்கள், அது மட்டும் நியாயம்.

அறைக்கு வந்து தருணை உட்கார வைத்துப் பேசினேன். வாயில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு பேசுவது கஷ்டம்.

"நாளைக்கும் அவன் அங்கதான் உள்ள வருவான். நீ இடம் விடக் கூடாது. மூடிரு."

"மூடினா அவன் முன்சக்கரம் என் பின்சக்கரத்து மேல ஏறிடும்ப்பா. இந்தக் காருல சக்கரத்துக்கு மேல மறைப்பே கெடையாது. ஏறுனா கார் பறக்கும்."

"பறக்கறது அவன் கார்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் செத்துருவான்ப்பா" என்றான்.

"யாரும் சாக மாட்டாங்க. தலைக்கு மேல இரும்பு வளையம் எதுக்கு வெச்சிருக்காங்க?"

"நான் பண்ண மாட்டேன்."

எழுந்து குளியலறைப் பக்கம் போகப் பார்த்தான். நான் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது எங்கே கற்ற பழக்கம்? கொஞ்சம் கண்டிக்க வேண்டியதாகிவிட்டது. அறைக் கதவைத் தட்டி லாட்ஜ்காரப் பையன் "சார், ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டான். டிவி சத்தம் என்று சொல்லி அனுப்பினேன். பெல்ட்டின் கொக்கி வளைந்துவிட்டது, வேறு வாங்க வேண்டும்.

கடைசியில், "சரிங்ப்பா, மூடறேன்" என்றான். நல்ல பையன். பிடிவாதம்தான் கொஞ்சம்.

ஞாயிறு, செப்டம்பர் 15

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தருண் குப்புறப் படுத்தே தூங்கினான். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. காரில் உட்காரவைத்து மயில்சாமி தோள்பட்டி பெல்ட்டை இறுக்கியபோது அவன் பல்லைக் கடித்ததை மயில்சாமி பார்த்தான். "என்ன கண்ணு, வலிக்குதா?" என்றான். தருண் இல்லை என்று தலையாட்டினான். மயில்சாமி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன், கிரிட்டில் கார்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

நேற்று ஆறாவது வந்ததால் தருண் பின்வரிசையிலிருந்து கிளம்பி, ஒவ்வொருவராக முந்திக்கொண்டு வந்தான். வாழ்க்கையில் அவன் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. காலே எடுக்கவில்லை. ஜோயலையும் முந்திவிட்டான். இருவரும் ஒட்டிக்கொண்டே நேர்ப்பாதையில் வந்தார்கள். நான் முதல் வளைவின் வேலியில் நின்றிருந்தேன்.

ஜோயல் உள்ளே வந்தான். தருண் மூடினான்.

சொன்னானே, அப்படியே நடந்தது. ஜோயலின் முன்சக்கரம் தருணின் பின்சக்கரத்தில் ஏறியது. கார் எழும்பியது, நான் நினைத்ததைவிட மிக உயரமாக. அடிப்பக்கம் முழுக்கத் தெரிந்தது. காற்றில் ஒரு தடவை புரண்டு, வேலி ஓரத்து டயர் சுவரில் தலைகீழாக இறங்கியது. சத்தம் இடி மாதிரி இல்லை. தகர ஷெட்டைக் காலால் மிதித்து நசுக்குவது போல. ஒரு சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று வேலிக்கு மேலே வந்து, எனக்குக் கொஞ்சம் தள்ளிப் புல்லில் குதித்துக் குதித்துப் போனது. தருணின் கார் பின்பக்கமாகச் சுவரில் மோதி நின்றது.

முதலில் தருண்தான் வெளியே வந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினான். என்னிடம் இல்லை, ஜோயலின் காரிடம். அதிலிருந்து எண்ணெய் ஒழுகியது. பாதுகாப்புக்கு நின்ற மார்ஷல்கள் விசில் ஊதி அவனைப் போகச் சொன்னார்கள். அவன் போகவில்லை. முழங்காலில் நின்று கவிழ்ந்த காருக்கு அடியில் கையை விட்டு, "ஜோயல்! ஜோயல், பேசுடா! கையை அசைடா!" என்று கத்திக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஜோயல் அலறினான். அந்த அலறலைக் கேட்டதும் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். உயிர் இருக்கிறது.

ஜோயலுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிவு, மணிக்கட்டு முறிவு. ஸ்ட்ரெச்சரில் போகும்போது தொடை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஷீபா ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே மெடிக்கல் அறை வரை செருப்பில்லாமல் ஓடினாள்.

தருணையும் மெடிக்கல் அறைக்குக் கொண்டுபோனார்கள். மோதியதில் விலா அடிபட்டிருக்கும் என்று உடுப்பைக் கழற்றிப் பார்த்தார்கள். நான் உள்ளே போகும்போது டாக்டரம்மா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இது இன்னைக்குப் பட்டது இல்லையே" என்றார்.

"சீட் பெல்ட் அழுத்துனது" என்றேன்.

"சீட் பெல்ட் முன்னாடி இருக்கும் சார். இது முதுகு." அவர் குரலை உயர்த்தவில்லை. "கையிலயும் இருக்கு. பழசு. நீங்க வெளியில இருங்க."

என் மகனை நான் பார்க்கக் கூடாதாம். ஒரு மார்ஷலை வாசலில் நிறுத்திவிட்டார்.

பிறகு நடுவர்கள் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூத்த நடுவர் தருணிடம் அன்பாகத்தான் கேட்டார்: "தம்பி, அவன் உள்ள வந்தது உனக்குத் தெரியலையா? கண்ணாடியில பாக்கலையா?"

தப்பிக்க வழி காட்டினார். தெரியவில்லை என்று சொன்னால் போதும். ஒரு ரேஸ் தடையோடு போயிருக்கும்.

"பாத்தேன் சார்" என்றான் தருண். "தெரிஞ்சேதான் மூடினேன்."

"பையன் அதிர்ச்சியில இருக்கான்" என்றேன் நான்.

"அதிர்ச்சி இல்லீங்க சார். நேத்து அப்பா மூடச் சொன்னார். பறக்கும்னு நான் சொன்னேன். பறக்கறது அவன் கார்தானேன்னார். நான் மாட்டேன்னேன். அப்புறம் சரின்னேன். ஓட்டுனது நான்தான் சார், அவர் இல்ல. என் ரேஸ் லைசென்ஸை எடுத்துக்குங்க."

என் கை எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அவன் நாற்காலியோடு சுவரில் போய் விழுந்தான். வாயிலிருந்து ரத்தம் மேசைக் கால் வரை தெறித்தது. இரண்டு பேர் என்னைத் தரையில் அமுக்கிவிட்டார்கள், என் கன்னம் சிமெண்டில் தேய்ந்தது. அங்கிருந்து அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. எழுந்து நின்றான்.

"பாத்துட்டீங்கல்ல சார்?" என்றான். "இதையும் எழுதிக்குங்க."

திங்கள், செப்டம்பர் 16

ஆஸ்பத்திரி. ஜோயலுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பான். இந்த வருடம் கார் ஓட்ட முடியாது.

தருண் நேற்றிலிருந்து அங்கேதான் இருக்கிறான். ஜோயலின் வார்டு வாசலில் பெஞ்சில் படுத்திருந்தானாம். மயில்சாமிதான் சொன்னான். சொல்லிவிட்டு லாரி சாவியை என் கையில் வைத்தான். "நான் பஸ்ஸுல போய்க்கறேனுங்க. வேற டிரைவர் பாத்துக்குங்க." ஒன்பது வருடம் என்னிடம் இருந்தவன். பேட்டா கூட வாங்கவில்லை.

வார்டு வாசலில் ஷீபா நின்றிருந்தாள். முழங்கையில் கட்டு.

"உங்க பையனுக்கு நடந்ததுக்கு வருத்தப்படறேன்" என்றேன். இதைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. "என் மகனைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"அவன் வரமாட்டான்."

"அவன்தான்மா உன் பையனை இடிச்சான். அவனைக் கொண்டுபோய் உள்ள வெச்சிருக்க?"

"ஆமா, இடிச்சான். நேத்து அவன் கழுத்தை நெரிக்கணும்னுதான் மெடிக்கல் ரூம் வாசல்ல போய் நின்னேன். சட்டையில்லாம திரும்பி உக்காந்திருந்தான்." முழங்கைக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என் பையனுக்குக் காலு முறிஞ்சிருக்கு. கம்பி வெச்சுட்டாங்க, சேந்துடும். உங்க பையனுக்கு யாரு என்ன பண்ணுவாங்க? தள்ளிப் போங்க சார். நீங்க இந்த வாசலைத் தாண்டினீங்கன்னா கத்துவேன்."

கோமதி வந்தாள். காலை விமானத்தில் வந்திருக்கிறாள். என்னைத் தாண்டிப் போனாள். ஷீபா வழிவிட்டாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது, அவளுடையதா அவனுடையதா என்று தெரியவில்லை.

பிறகு தருண் வெளியே வந்தான். உதட்டில் தையல். கோமதி பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்" என்றான். "ஜோயலை வேணும்னே இடிச்சேன்னு என் மேல. அப்புறம் உங்க மேல."

"உனக்கென்னடா பைத்தியமா? உன் வாழ்க்கையே போயிரும். மலேசியா போயிருக்கலாம்டா!"

"எனக்குக் கார் ஓட்டப் பிடிக்கும்ப்பா. இப்பவும் பிடிக்குது. நேத்து ரேஸுல எல்லாரையும் தாண்டி வந்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுங்களா?" அவன் குரல் உடைந்தது. "அதோட நிறுத்தியிருக்கலாம். ரெண்டாவது வந்திருக்கலாம். உங்களுக்குப் பயந்து ஒருத்தனைக் கொல்லப் பாத்தேன்."

நான் கோமதியைப் பார்த்தேன். "நீயாவது சொல்லேன் அவனுக்கு."

"இத்தனை வருஷம் சொல்லாம இருந்தது போதுமுங்க" என்றாள். அவனுடைய தோளில் கை வைக்கப் போய், வலிக்கும் என்று நினைத்தோ என்னவோ, கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் உள்ளே போனார்கள்.

செவ்வாய், செப்டம்பர் 17

டிரைவர் கிடைக்கவில்லை. என் காரை லாட்ஜிலேயே விட்டுவிட்டு, லாரியைக் கோவைக்கு நானே ஓட்டி வந்தேன். விரல் வீக்கத்தில் கியர் மாற்ற முடியவில்லை.

வெள்ளி, செப்டம்பர் 20

தருணின் லைசென்ஸை ஒரு வருடத்துக்கு நிறுத்திவிட்டார்கள். உண்மையைச் சொன்னதால் ஒரு வருடத்தோடு விட்டார்களாம். எனக்கு எந்தத் திடலிலும் நுழைய ஆயுசுக்கும் தடை. கோமதியும் அவனும் திருப்பூரில் அவள் தங்கை வீட்டில் இருக்கிறார்கள். போன் எடுப்பதில்லை. தங்கை கணவன் எடுத்து, "கேஸ் முடியட்டும் அண்ணா" என்கிறான்.

இன்று வக்கீல் சபாபதியைப் பார்க்கப் போனேன். நல்ல வக்கீல் என்று தம்பி சொன்னான். பொறுமையாகக் கேட்டார். அவருடைய ஜூனியர், ஒரு சின்னப் பெண், பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள்.

"பையனை அடிப்பீங்களா சார்?" என்றார்.

"அடிக்கறதுன்னு இல்லீங்க. எல்லா அப்பனும் கண்டிக்கற மாதிரிதான்."

"எல்லாரும்னா எப்படி? எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பார். நாம ரெடியா இருக்கணும். எப்படிக் கண்டிப்பீங்க, சும்மா சொல்லுங்க."

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுந்து காட்டினேன். அவர் மேசையில் ஒரு நீளமான மர ஸ்கேல் இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். இடது கையால் பிடரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நகர்ந்து தலையில் பட்டுவிடும். அப்படியே குனியவைத்து, முழங்காலால் இடுப்பைச் சுவரோடு அணைத்துக்கொள்ள வேண்டும். முகத்தில் நான் எப்போதும் அடிப்பதில்லை, பரிசு வாங்கும்போது போட்டோ எடுப்பார்கள். முதுகில்தான், தோளுக்குக் கீழே. கத்தினால் நிறுத்திவிட்டு, கத்துவது நின்ற பிறகு மறுபடி. இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லிக்கொண்டே அவருடைய நாற்காலி முதுகில் நாலைந்து தடவை அடித்துக் காட்டினேன். ஸ்கேல் உடைந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து கதவோரம் போய் நின்றிருந்தாள். வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"உக்காருங்க சார்" என்றார். "இதை வேற யார்கிட்டயும் காட்டிராதீங்க."

உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. நான் என்ன தப்பாகக் காட்டினேன் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.